எல்கேஜி எங்க இருக்கு, அத முதல்ல சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பக்கத்துல ஒருத்தர் எழுதியிருந்தார், அரசுப் பள்ளி வாத்தியாருங்க எல்லாம் முதல்ல அவங்கவங்க புள்ளைங்கள அரசுப் பள்ளில சேக்கட்டும், அதுக்கப்புறம் சேர்க்கை நோட்டீஸ் தூக்கிட்டு வந்து எங்க வீட்டு கதவ தட்டட்டும்னு. 2015ல அலகாபாத் ஹைகோர்ட் குடுத்த தீர்ப்பையும் இழுத்திருந்தார், அரசாங்க சம்பளம் வாங்கறவங்க புள்ளைங்க அரசுத் தொடக்கப் பள்ளிலதான் படிக்கணும், அதுக்கு ஏற்பாடு பண்ணுங்கன்னு உத்தரப் பிரதேச அரசுக்கு சொன்ன தீர்ப்பு. சுருக்குனு எழுதியிருந்தார், பொய் சொல்லக்கூடாது. எங்க டீச்சருங்க வாட்ஸ்அப் குரூப்ல அந்த கட்டிங் வந்ததுல இருந்து சண்டதான், பாதிப் பேரு அவர திட்டுறாங்க, மீதிப் பேரு கம்முனு இருக்காங்க, கம்முனு இருக்கறவங்க புள்ளைங்க எந்த வேன்ல போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

நான் அவர திட்டப் போறதில்ல. அவர் கோவம் நியாயமான கோவம்தான். ஆனா ஒண்ணு கேக்கணும் அவர்கிட்ட. சரி சார், சேக்கறேன், என் புள்ளைக்கு மூணு வயசு, ஊர்ல ஒரு அரசுப் பள்ளி இருக்கு, போய் நின்னா "அஞ்சு வயசு ஆகட்டும், ஒண்ணாப்புல சேத்துக்கறோம்"னு சொல்லுவாங்க. நடுவுல இருக்கற ரெண்டு வருஷத்துக்கு நான் எங்க போறது? அந்த கோர்ட் தீர்ப்ப அப்படியே இங்க கொண்டு வந்தா கூட, மூணு வயசுக்கு எந்த அரசுப் பள்ளின்னு யாராவது கை காட்டணும்ல.

நான் திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளில இடைநிலை ஆசிரியை. ஈராசிரியர் பள்ளி. எச்எம் ஒருத்தங்க, நான் ஒருத்தி, அஞ்சு வகுப்பு. எச்எம் பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸுக்கு போயிட்டாங்கன்னா இல்ல சிஆர்சின்னு பக்கத்து ஸ்கூல் டீச்சருங்க கூடற மீட்டிங்குக்கு போயிட்டாங்கன்னா அன்னைக்கு அஞ்சு வகுப்பும் ஒரே ஹால்ல ஒரே ஆள், ஒண்ணாப்பு புள்ளைங்கள முன்னாடி உக்கார வச்சுக்கிட்டு அஞ்சாப்பு புள்ளைங்களுக்கு போர்டுல கணக்கு போட்டு விட்டுட்டு நடுவுல எமிஸ்னு மாணவர் விவரம் ஏத்தற அரசாங்க ஆப்ல அட்டெண்டன்ஸ் போடணும், டவர் கிடைக்கலன்னா வேப்ப மரத்தடிக்கு போன தூக்கிட்டு ஓடணும். இத நான் குறையா சொல்லல, எங்க வேலை அது, பழகிருச்சு. சொல்ல வந்தது வேற.

ஆர்டிஇ, அதாவது கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளில 60 புள்ளைங்க வரைக்கும் ரெண்டு வாத்தியார், 61ல இருந்து 90 வரைக்கும் மூணு. ஆகஸ்ட் 1 அன்னைக்கு ரோல்ல எத்தனை பேர் இருக்காங்களோ அத வச்சுதான் ஸ்டாஃப் ஃபிக்சேஷன், எந்த ஸ்கூலுக்கு எத்தன வாத்தியார்னு முடிவு பண்றது. அதனால ஒரே ஒரு புள்ள கூடுனாலோ குறைஞ்சாலோ ஒரு போஸ்டிங்கே மாறும். அந்த ஒரு புள்ளைக்காக நாங்க என்னென்ன பண்றோம்னு வெளிய இருக்கறவங்களுக்கு தெரியாது. மார்ச் மாசமே பேரணி, ஃப்ளெக்ஸ், நோட்டீஸ், காசு எங்க கைக்காசு. பக்கத்து ஸ்கூல்ல டீச்சருங்க சேந்து மாசா மாசம் சம்பளத்துல எடுத்து ஆட்டோ வச்சிருக்காங்க, தள்ளி இருக்கற காலனி புள்ளைங்கள கூட்டிட்டு வர. சேர்ற புள்ளைக்கு பேக்குல ஆயிரம் ரூவா வச்சு குடுக்கற ஸ்கூல் கூட இருக்கு. நாலு செட் யூனிஃபார்ம், புக்கு, நோட்டு, ஷூ எல்லாம் அரசாங்கமே குடுக்குது, மதியம் முட்டையோட சாப்பாடு, 2023 ஆகஸ்ட்ல இருந்து எங்க ஸ்கூலுக்கும் காலைச் சாப்பாடு வந்துருச்சு. அது வந்ததுக்கு அப்புறம் புதன்கிழமை பொங்கல் அன்னைக்கு லேட்டா வர்ற புள்ளையே கிடையாது, இத நான் பெருமையாவே சொல்லுவேன், நான் பாத்த நல்ல திட்டங்கள்ல அது ஒண்ணு.

இவ்வளவு இருந்தும் வீடு வீடா போனா என்ன நடக்குதுன்னு கேளுங்க. எங்க பக்கம் நூல் மில்லு ஜாஸ்தி. மில்லு வேன் ஊருக்குள்ள வந்து ஆள் ஏத்திட்டுப் போகும், ஷிஃப்ட் வேல. மில்லுக்கு போகாதவங்க நூறு நாள் வேலைக்கு போவாங்க, இல்ல காட்டு வேல, முருங்கக்கா பறிக்கற வேல. நாங்க சாயங்காலம் ஸ்கூல் விட்டு போனாதான் ஆளப் பிடிக்க முடியும். ஒரு வீட்டுல போய் "ஏம்மா உன் பையனுக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருச்சுல்ல, நம்ம ஸ்கூல்ல சேத்து விடு"ன்னு கேட்டா அந்தப் பொண்ணு மொகத்துல ஒரு சங்கடம் வரும் பாருங்க. அந்தப் பொண்ணே எங்க ஸ்கூல்ல படிச்சதுதான். "டீச்சர், உங்ககிட்ட விட எனக்கு ஆசைதான் டீச்சர், ஆனா அவன் யூகேஜி முடிச்சிட்டான், அங்கேயே ஒண்ணாப்புக்கு பணமும் பாதி கட்டிட்டோம்"னு சொல்லும். அதுக்கு மேல நான் என்ன பேசறது. ரெண்டு வருஷம் முன்னாடியே முடிஞ்சு போன விஷயத்துக்கு நான் இப்ப நோட்டீஸ் குடுத்துட்டு நிக்கறேன்.

கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்சு இலை எடுத்ததுக்கு அப்புறம் சாம்பார் வாளிய தூக்கிட்டு ஓடற மாதிரிதான் எங்க சேர்க்கை பேரணி.

மூணு வயசுல போன புள்ள ஏன் அஞ்சு வயசுல திரும்பி வர்றதில்லன்னு யோசிச்சா காரணம் இங்கிலீஷ் மோகம் மட்டும்னு பேப்பர்ல எழுதறாங்க, அது கொஞ்சம்தான். 2012-13லயே அரசுப் பள்ளில இங்கிலீஷ் மீடியம் ஆரம்பிச்சாச்சே, அப்புறம் ஏன் வரல? நிஜக் காரணம் எல்லாம் ரொம்ப சின்னச் சின்னது. புள்ளைக்கு அந்த வேன் பழகிருச்சு, வேன் டிரைவர் அண்ணன் பழகிருச்சு, பக்கத்துல உக்கார்ற ஃப்ரெண்டு பழகிருச்சு. அம்மாவுக்கு காலைல எட்டு மணிக்கு வாசல்லயே ஏத்தி விட்டுட்டு மில்லுக்கு போற டைம் பழகிருச்சு. அப்பாவுக்கு டை கட்டி ஷூ போட்ட போட்டோவ ஸ்டேட்டஸ்ல வைக்கறது பழகிருச்சு, பாட்டிக்கு பேரன் இங்கிலீஷ் ரைம்ஸ் சொல்றத பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட காட்டறது பழகிருச்சு. இதுல எத நான் தப்புன்னு சொல்ல முடியும்? அதையும் மீறி ஒரு அம்மா மனசு மாறி வந்தா ஃபீஸ் பாக்கி இருக்கும். பாக்கி கட்டுற வரைக்கும் எமிஸ்ல அந்தப் புள்ள பேர அவங்க ஸ்கூல்ல இருந்து எடுத்து, வேற ஸ்கூல் சேத்துக்கற காமன் பூலுக்கு ரிலீஸ் பண்ண மாட்டாங்க. டிசி இல்லாமலே சேத்துக்கலாம்னு ரூல் இருக்கு, நாங்க க்ளாஸ்ல உக்காரவும் வச்சுக்குவோம், ஆனா ஆன்லைன்ல அந்தப் புள்ள இன்னும் அங்கதான் படிக்கும். ரோல்ல ஏறாத புள்ள ஆகஸ்ட் 1 கணக்குல வராது. நாங்க போன் போட்டு கெஞ்சணும், சில ஸ்கூல்ல விடுவாங்க, சில ஸ்கூல்ல போனே எடுக்க மாட்டாங்க. கடைசில அந்தம்மா மகளிர் குழு லோன் எடுத்தோ மைக்ரோ பைனான்ஸ்ல வாங்கியோ பாக்கிய கட்டும், பாக்கிய கட்டிட்டா அப்புறம் எதுக்கு மாத்தணும்னு அங்கேயே விட்டுடும். சிரிப்பா இருக்கு இல்ல? எனக்கு அழுகதான் வருது.

இதுல ஆர்டிஇ கதைய சொல்லாம விட்டா தப்பு. தனியார் பள்ளில 25 சதவீத சீட்ட ஏழைப் புள்ளைங்களுக்கு குடுக்கணும், ஃபீஸ அரசாங்கம் கட்டும். 2009 சட்டம், நல்ல எண்ணத்துல கொண்டு வந்ததுதான், அதுல சேர்ந்து நல்லா படிச்ச புள்ளைங்கள எனக்கே தெரியும். ஆனா நம்ம தமிழ்நாட்டுல அந்த சீட்டு பெரும்பாலும் எந்த வகுப்புல? எல்கேஜில. ஜூலை 31க்குள்ள மூணு வயசு முடிஞ்சிருக்கணும், ஒரு கிலோமீட்டருக்குள்ள வீடு இருக்கணும், வருமானம் 2 லட்சத்துக்குள்ள இருக்கணும். அதாவது எங்க ஊர்ல எங்க ஸ்கூலுக்கு வந்திருக்க வேண்டிய அதே புள்ள. எங்கள மாதிரி தொடக்கப் பள்ளில எல்கேஜி வைக்காத அரசாங்கம் அடுத்தவன் ஸ்கூல்ல எல்கேஜி படிக்க ஃபீஸ் கட்டுது. அப்புறம் அஞ்சு வயசுல ஏன் புள்ள குறைஞ்சதுன்னு எங்க எச்எம்ம நிக்க வச்சு கேக்கறாங்க. 2025-26ல மத்திய அரசு சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக் கல்வித் திட்ட நிதிய குடுக்காம நிறுத்தி வச்சதுல ஆர்டிஇ அட்மிஷன் அக்டோபர் வரைக்கும் இழுத்துச்சு, அப்ப டிவில எல்லாம் பெரிய விவாதம், மத்திய அரசா மாநில அரசான்னு. அந்த விவாதத்துல ஒருத்தராவது இந்தக் கேள்விய கேப்பாங்களான்னு உக்காந்து பாத்தேன், கேக்கல.

அதே ஆர்டிஇ சட்டத்துலயே 11வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, மூணு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் இலவச முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம்னு. செய்யலாம், அவ்வளவுதான், செஞ்சே ஆகணும்னு இல்ல. ஒண்ணாப்புல இருந்து எட்டாப்பு வரைக்கும் அரசாங்கத்துக்கு கட்டாயம், அதுக்கு முன்னாடி விருப்பம்.

இப்ப அங்கன்வாடி இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கு மேல இருக்கு, எங்க காம்பவுண்டுக்குள்ளயே ஒண்ணு இருக்கு, ஊர்ல இன்னும் பால்வாடின்னுதான் சொல்லுவாங்க. அந்த டீச்சர நான் தினமும் பாக்கறேன், அவங்கள ஒரு வார்த்த குறை சொல்ல மாட்டேன். கர்ப்பிணி கணக்கு எடுக்கறது அவங்க, சத்துமாவு குடுக்கறது அவங்க, குழந்தை எடை பாத்து போஷன் ட்ராக்கர் ஆப்ல ஏத்தறது அவங்க, தடுப்பூசி அன்னைக்கு வீடு வீடா போய் ஆள் கூட்டறது அவங்க, எலக்சன் வந்தா பூத் வேலையும் அவங்க தலைல. சமையல் பண்ணி புள்ளைங்கள கழுவி விட ஒரு ஆயாம்மா, அவங்க ரிட்டயர் ஆனா அந்த எடம் எப்ப நிரம்பும்னு சொல்ல முடியாது. இதுக்கு நடுவுல பாட்டு சொல்லிக் குடுப்பாங்க, கதை சொல்லுவாங்க, முடிஞ்ச அன்னைக்கு. 1982ல எம்ஜிஆர் சத்துணவு கொண்டு வந்தப்ப கிராமத்துல ரெண்டு வயசு தாண்டின புள்ளைல இருந்தே கணக்குல எடுத்துக்கிட்டாங்க. சோத்துக்கு ரெண்டு வயசுலயே பொறுப்பு எடுத்துக்கிட்ட அரசாங்கம் படிப்புக்கு மட்டும் அஞ்சு வயசு வரைக்கும் கைய கட்டிட்டு நிக்குது. அங்கன்வாடி சமூக நலத்துறை, நாங்க பள்ளிக் கல்வித்துறை, நடுவுல ஒரு செவுருதான் ஆனா ஃபைல் வேற வேற பில்டிங்.

ஒரு தடவ அந்த செவுத்த உடைச்சாங்க. 2019 ஜனவரில, எடப்பாடி பழனிசாமி முதல்வரா இருந்தப்ப, நடுநிலைப் பள்ளி வளாகத்துக்குள்ள இருக்கற 2,381 அங்கன்வாடில எல்கேஜி யூகேஜி ஆரம்பிச்சாங்க. பேப்பர்ல பாத்துட்டு நான் சந்தோஷப்பட்டேன், எங்களது தொடக்கப் பள்ளி, லிஸ்ட்ல வராது, இருந்தாலும் ஒரு நாள் வரும்னு. ஆனா அதுக்கு தனியா ஆள் எடுக்கல, புள்ள எண்ணிக்கைக்கு மேல உபரியா இருந்த இடைநிலை ஆசிரியர்கள அங்க மாத்துனாங்க. எங்க ஆளுங்க சும்மா இருப்பாங்களா, அதே மாசம் ஜாக்டோ ஜியோன்னு ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்க சேந்த கூட்டமைப்போட ஸ்டிரைக் வேற, கோர்ட்டுக்கும் போனாங்க. நாங்க படிச்ச டிப்ளமா ஒண்ணாப்புக்கு மேல சொல்லிக் குடுக்க, மூணு வயசு புள்ளைக்கு எங்களுக்கு டிரெயினிங் கிடையாதுன்னு வாதம். டிரெயினிங் கிடையாதுங்கறது உண்மைதான். ஆனா டீச்சருங்க மட்டும் இருக்கற எடத்துல பேசிக்கிட்டது வேற, "இத்தன வருஷ சர்வீஸ் போட்டுட்டு ஆயி கழுவி விடறதா"ன்னு. நம்மளையே நம்ம சொல்லிக்கறது நல்லா இருக்காது, இருந்தாலும் சொல்றேன், மூணு வயசு புள்ளைக்கு சொல்லிக் குடுக்கறது கௌரவக் குறைச்சல்னு நினைச்ச வாத்தியாருங்கதான் நாலு வருஷம் கழிச்சு புள்ள வரலன்னு உபரில மாறுதல் வாங்கிட்டு போனாங்க. யாரு சொன்னா என்ன, எனக்கு இதுல மாற்றுக் கருத்து கிடையாது. எங்க குரூப்ல இத போட்டா என்ன தூக்கிருவாங்க.

அப்புறம் கொரோனா. ஸ்கூல் எல்லாம் மூடிக் கெடந்துச்சு, சம்பளம் இல்லாம ஃபீஸ் கட்ட முடியாம லட்சக்கணக்குல புள்ளைங்க அரசுப் பள்ளிக்கு வந்தாங்க, எங்க ஸ்கூல்லயே பெஞ்சு பத்தல. வந்த புள்ளைங்களுக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் வாத்தியார் பத்தலன்னு 2022ல எல்கேஜிக்கு போன டீச்சருங்கள திருப்பி கூப்பிட்டுட்டாங்க, ஜூன் மாசம் எல்கேஜி யூகேஜி இனி ஸ்கூல்ல கிடையாது அங்கன்வாடியே பாத்துக்கும்னு சொன்னாங்க. ஊர் உலகமே சத்தம் போட்டுச்சு, எல்லா கட்சியும் அறிக்கை விட்டுச்சு, சில நாள்லயே இல்ல இல்ல தொடரும்னு அமைச்சர் சொன்னார். தொடர்ந்துச்சு, எப்படி? மாசம் 5,000 ரூவா தொகுப்பூதியத்துல தற்காலிக டீச்சர். நூறு நாள் வேலைக்கு 2025-26க்கு அறிவிச்ச கூலி ஒரு நாளைக்கு 336 ரூவா. அஞ்சாயிரத்த வேலை நாளால வகுத்துப் பாருங்க, அந்தக் கூலி அளவுக்குக் கூட வராது. ஏரில மண்ணு அள்ளுறவங்கள நான் குறைச்சு சொல்லல, அவங்களுக்கு இன்னும் குடுக்கணும். டிப்ளமா முடிச்ச பொண்ணு ஒண்ணு காலைல பஸ் ஏறி வந்து மூணு வயசு புள்ளைங்க இருபது பேர மேய்ச்சு, ஒண்ணு அழும் ஒண்ணு கடிக்கும் ஒண்ணு டவுசரோட போயிரும், இத்தனையும் பாத்துட்டு மாசக் கடைசில அஞ்சாயிரம் வாங்கிட்டு எத்தன மாசம் இருக்கும்? எனக்கு தெரிஞ்ச ஒரு பொண்ணு ஜவுளிக்கடைல சேல்ஸுக்கு போயிருச்சு, அங்க கூட ஜாஸ்தி.

எல்கேஜி வேணும்னு நான் சொல்றதால தனியார் ஸ்கூல்ல நடக்கற அதே எல்கேஜி வேணும்னு சொல்றதா நினைச்சுக்காதீங்க. எங்க ஊர்ல இருந்து வேன்ல போற புள்ளைங்க நோட்ட பாத்திருக்கேன், நாலு வயசுல கர்சிவ் எழுதச் சொல்றாங்க, 1ல இருந்து 100 வரைக்கும் எழுதிட்டு வரச் சொல்லி ஹோம்வொர்க். விரல்ல எலும்பே முழுசா வளராத வயசு. புள்ள எழுதாதுன்னு அம்மா கையப் பிடிச்சு எழுதி விடும், இல்ல அம்மாவே எழுதிரும், மில்லுல இருந்து வந்து ராத்திரி ஒம்பது மணிக்கு. அப்புறம் அதே புள்ள மூணாப்புல எங்ககிட்ட வந்தா (சில புள்ளைங்க ஃபீஸ் கட்ட முடியாம அப்ப வரும்) அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக் குடுக்கற எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு கீழ இருந்து மேல மூணு நிலை பிரிப்போம்ல, அதுல மலர்ல உக்காரும்னு பாத்தா பல பேரு அரும்புலதான் உக்காருறாங்க, அம்மா ஆடுன்னு கூட்டி வாசிக்க வராது, ஆனா ஆப்பிள் ஸ்பெல்லிங் கண்ண மூடிட்டு சொல்லும்.

ஊருக்கு ஊரு மாண்டிசோரின்னு போர்டு வச்சிருக்காங்க. அந்த மாண்டிசோரி அம்மையாரு 1939ல நம்ம அடையாறுக்கே வந்து வாத்தியாருங்களுக்கு டிரெயினிங் குடுத்தாங்க, இது நிறையப் பேருக்கு தெரியாது. மணிய கோக்கறது, தண்ணிய ஒரு டம்ளர்ல இருந்து இன்னொரு டம்ளருக்கு சிந்தாம ஊத்தறது, பட்டன் போட்டுப் பழகறது, இதுதான் அவங்க சொன்னது. இதுக்கு ஃபீஸ் எதுக்கு? புளியங்கொட்டையும் சிரட்டையும் மணலும் எங்க ஸ்கூல்ல இல்லாததா. மூணு வயசுல புள்ள கத்துக்க வேண்டியது நாலு பேரு கூட உக்காந்து சாப்பிடறது, ஒண்ணுக்கு வந்தா வாயத் தொறந்து கேக்கறது, கதைய கடைசி வரைக்கும் கேக்கறது, கிரயான பிடிச்சு கிறுக்கறது. இத கத்துக்கிட்டு வர்ற புள்ளைக்கு ஒண்ணாப்புல ஒரே வாரத்துல நான் எழுத்துக்குள்ள போயிருவேன். இது எதுவும் இல்லாம நேரா வீட்டுல இருந்து வர்ற புள்ள ஜூன் ஜூலை ரெண்டு மாசம் ஜன்னல் கம்பியப் பிடிச்சுட்டு அழும், அது பாட்டுக்கு அழும், நான் இந்தப் பக்கம் நாலாப்புக்கு வகுத்தல் சொல்லிக் குடுத்துட்டு இருப்பேன்.

இப்ப என் வீட்டுக் கதைய கேப்பீங்க, அந்த வாசகர் கண்டிப்பா கேப்பார், சொல்லிடறேன். என் பையன் எல்கேஜி தனியார்லதான் சேர்ந்தான். அப்ப எனக்கு வேற மாவட்டத்துல போஸ்டிங், வீட்டுக்காரர் இங்க கோஆப்பரேட்டிவ் சொசைட்டில, டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங்ல கணவன் மனைவி முன்னுரிமை இருக்குதான், இருந்தாலும் வேகன்சி இருந்தாத்தானே. விடியக்காலம் பஸ்ஸப் பிடிச்சு போய் ராத்திரி வர்றவ நான். மாமியாருக்கு மூட்டு வலி, மூணு வயசு பையன் பின்னாடி ஓட முடியாது. நான் வேலை பாத்த ஸ்கூலுக்கே கூட்டிட்டுப் போயிருவேன் ரெண்டு பஸ் மாறினாலும் பரவால்லன்னு, ஆனா அங்க அவன எங்க உக்கார வைக்கறது, பால்வாடி வேற தெருவுல. தெருவுல ஒரு நர்சரி, வேன் கூட வேண்டாம், பத்து வீடு தள்ளி. சேத்தோம். அஞ்சு வயசு ஆனப்ப மாத்தலாமான்னு பேசுனோம், அவன் ஒரே அழுகை, அவன் ஃப்ரெண்டு எல்லாம் அங்க. நான் மேல சொன்ன எல்லா அம்மாவும் சொல்ற அதே காரணம்தான், டீச்சருக்கு தனிக் காரணம்னு ஒண்ணு கிடையாது. ஆறாப்புக்கு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு கொண்டு வந்தோம், இப்ப ஒம்பதாப்பு, நல்லா படிக்கறான், கபடி டீம்ல இருக்கான். மாத்துனப்ப சொந்தக்காரங்க பேசுனத சொல்லி மாளாது, என் நாத்தனார் "ஏன் அண்ணி, சம்பளம் எல்லாம் எங்க போகுது"ன்னே கேட்டாங்க. பொண்ணு சின்னவ, அவளுக்கு நேரம் நல்லா இருந்துச்சு, அவளுக்கு மூணு வயசு ஆனப்ப இந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபர் கிடைச்சது, எங்க காம்பவுண்டு அங்கன்வாடிலயே விட்டு அப்படியே எங்க ஸ்கூல்லயே ஒண்ணாப்பு சேத்தேன். ஒரே வீடு, ஒரே அம்மா, ரெண்டு புள்ளைக்கு ரெண்டு வழி, எங்க கொள்கை எதுவும் நடுவுல மாறல, பக்கத்துல கூட்டிட்டு போக ஒரு எடம் இருந்துச்சு அவ்வளவுதான்.

மணிக் கணக்கு ஒண்ணையும் சேத்து சொல்லணும், இத ஆபீஸர்ங்க யோசிக்கறதே இல்ல. அங்கன்வாடி மத்தியானத்துக்கு மேல அவ்வளவுதான், எங்களுக்கு நாலு பத்துக்கு பெல். பகல் ஷிஃப்ட் அம்மா வீட்டுக்கு வர்ற நேரம் வேற. தனியார் ஸ்கூல் வேன் ஊரெல்லாம் சுத்திட்டு அஞ்சு மணிக்கு மேல கொண்டாந்து விடும், அந்த ஒரு மணி நேர சுத்தலுக்கும் சேத்துதான் ஜனங்க காசு குடுக்குது. புள்ள பத்திரமா ஒரு எடத்துல இருக்கு, அதுக்குத்தான். எல்கேஜி வைக்கறதா இருந்தா சாயங்காலம் வரைக்கும் பாத்துக்க ஒரு ஆயாம்மாவையும் சேத்து போடணும், மூணு மணிக்கே வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னா மில்லுக்குப் போற அம்மா எப்படி வரும், அந்தம்மா மறுபடி வேனத்தான் தேடும். ஆள் போடறதுன்னா நிரந்தரமா, சின்னப் புள்ளைங்களுக்குன்னு டிரெயினிங் எடுத்தவங்கள, வாழற மாதிரி சம்பளத்துல போடணும், எங்களையே ஆறாவது வகுப்பா இதையும் சேத்து பாத்துக்கங்கன்னு சொன்னா அது ஏமாத்து வேல. நடுநிலைப் பள்ளியோட நிறுத்தாம எங்கள மாதிரி ஒத்த ஹால் தொடக்கப் பள்ளிக்கும் வரணும், ஏன்னா சாகப் போற ஸ்கூல் எல்லாம் இதுதான். பன்னெண்டு புள்ள, பத்து புள்ளன்னு ஓடிட்டு இருக்கற ஸ்கூல் எங்க வட்டாரத்துல எத்தனையோ இருக்கு. அங்கெல்லாம் பில்டிங் இருக்கு, பாத்ரூம் இருக்கு, சமையக்கூடம் இருக்கு, ஹைடெக் டிவி கூட இருக்கு. மூணு வயசு புள்ளைய உள்ள விட ஆர்டர் மட்டும்தான் இல்ல. காசு ஆகும்னு சொல்லுவாங்க, ஆகும்தான். ஆர்டிஇக்கு கட்டுற காச ஒரு பக்கம் எழுதி, இத ஒரு பக்கம் எழுதி கூட்டிப் பாத்துட்டு சொல்லட்டும்.

அந்த வாசகர் எந்த ஊருன்னு போடல. எந்த ஊரா இருந்தாலும் அவரு ஊர்லயும் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கும், வருஷத்துக்கு சில தடவ கிராம சபை நடக்கும். எங்க பள்ளி மேலாண்மைக் குழுல தலைவியா இருக்கறது ஒரு மில்லுக்கார அம்மாதான், அவங்க பொண்ணு ரெண்டாப்பு, சின்னது இன்னும் இடுப்புல இருக்கு. வர்ற ஜனவரி 26 கிராம சபைல எங்க ஸ்கூலுக்கு எல்கேஜி வேணும்னு தீர்மானம் வைக்கறதா அவங்க சொல்லியிருக்காங்க, போன தடவ வச்சப்ப ரோடு பிரச்சனைலயே நேரம் போயிருச்சு, இந்தத் தடவ முதல் ஆளா எந்திரிச்சு பேசறேன்னு இருக்காங்க. வாசகர் அவங்க ஊர்லயும் ஒண்ணு வைக்கட்டும். தீர்மானம் நிறைவேறி, எல்கேஜி வந்து, அதுக்கப்புறமும் டீச்சர் புள்ள வேன்ல போச்சுன்னா அன்னைக்கு அவரு எழுதட்டும், அந்தக் கடிதத்துக்கு கீழ நானும் கையெழுத்து போடறேன்.

இப்படிக்கு,
ஒரு இடைநிலை ஆசிரியை,
வேடசந்தூர் வட்டாரம், திண்டுக்கல் மாவட்டம்.

(பேர தயவுசெஞ்சு போட வேண்டாம் சார். பேப்பருக்கு எழுத மேல அனுமதி வாங்கணும், இல்லன்னா 17பின்னு ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வந்துரும். நீளமா போச்சு, வெட்டிக்கங்க, ஆனா அந்த அஞ்சாயிரம் ரூவா கணக்க மட்டும் வெட்டிராதீங்க.)